பேர் வைக்காத இசை: ஒரு சின்ன த்ரெட்

தர்மபுரி. நைட் டியூட்டி. விடியற்காலை ஒரு பெரியவர் தவறிட்டார். வயசானவர், எதிர்பார்த்ததுதான். மகன்கிட்ட சொல்லிட்டு ரூமுக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன். கை தானா இளையராஜாவோட "ஹவ் டு நேம் இட்" பக்கம் போச்சு. அதோட கதையைச் சொல்றேன், பொறுமையா படிங்க.

1986ல் வந்த ஆல்பம். சினிமா இல்லை, ஹீரோ இல்லை, வரிகளும் இல்லை. தனி வயலின் வி.எஸ்.நரசிம்மன். பின்னால் ஒரு தந்தி வாத்தியக் கூட்டமே நிற்கும். ராஜா இதைச் சமர்ப்பணம் பண்ணது பாக்குக்கும் தியாகராஜருக்கும். பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. சந்திச்சிருக்கவே முடியாத ரெண்டு பேர்!

வயலினே நம்ம ஊருக்கு வந்த விருந்தாளிதான். முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக்குப் பக்கத்துல மணலியில இருந்தப்ப ஒரு ஐரோப்பியரிடம் கத்துக்கிட்டு அதைக் கர்நாடக இசைக்குள்ள கொண்டு வந்தார். அதுக்கப்புறம் அதோட வேலை பெரும்பாலும் பாடுறவர் பின்னாடியே போறது. இந்த ஆல்பத்துல முன்னாடி யாருமே இல்லை. (அந்தத் தனிமைதான் எனக்குச் சோகமா கேட்குதோ என்னவோ.)

ஆனா இதுல சாவு எங்கேயும் இல்லை. அதை ஒட்டி வச்சது பாலு மகேந்திரா. 1988ல் "வீடு" படத்துக்கு இந்த ஆல்பத்தையே பின்னணி இசையா எடுத்துக்கிட்டார். தாத்தாவா சொக்கலிங்க பாகவதர். பேத்தி கட்டுற வீடு பாதியில நிக்குது. தனியா கிளம்பிப் போய், பூசாத சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். திரும்பி வரமாட்டார். படம் பார்த்தவங்களுக்கு அப்புறம் இந்த இசை பழைய மாதிரி கேட்காது.

அமெரிக்காவுலயும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு. சாமுவேல் பார்பர் 1936ல், 26 வயசுல எழுதின ஸ்டிரிங் குவார்டெட்டோட நடுப்பகுதியைத் தந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தினார். அதுதான் "அடாஜியோ ஃபார் ஸ்டிரிங்ஸ்". 1938ல் டோஸ்கானினி முதல்ல வாசிக்க வச்சார். யாரோட சாவுக்காகவும் எழுதினது இல்லை. ரூஸ்வெல்ட் இறந்தப்ப ரேடியோவுல போட்டாங்க, கென்னடிக்கும் அதுதான். "பிளட்டூன்" படத்துலயும் வந்தது, அதுவும் 1986லயே. சுரம் சுரமா ஏறி, உச்சிக்குப் போய், சட்டுனு மௌனம். விம்மி அழுறவங்களுக்கு நடுவுல ஒரு நொடி மூச்சு நிக்குமே, வார்டுல எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், அதேதான்.

எங்க பக்கம் சாவுன்னா பறை, ஒப்பாரி. ஊருக்கே சொல்லி அழுற துக்கம் அது. அதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு அரைமணி நேரம் இருக்கு. பேப்பர்ல கையெழுத்து, வண்டிக்குக் காத்திருப்பு. அந்த நேரத்துக்கு நம்மகிட்ட இசை ஏதும் கிடையாது.

இன்னிக்கு அந்த மகன் அழலை. கையெழுத்துப் போட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "மேல்தளம் போட்டாச்சு சார். அப்பாவை ஒருவாட்டி கூட்டிட்டுப் போய் காட்டியிருக்கலாம்."

அதான் அந்த ஆல்பம்.