கற்பிக்கச் சென்றோர் கற்ற பாடம்: தரங்கம்பாடி முதல் ஆமத்தூர் வரை

திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் கற்பித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் எவ்விடத்தில் பிரசங்கித்தார், எத்தனை பள்ளிகளை நிறுவினார், எந்நூலை மொழிபெயர்த்தார் என்பனவே நம் வரலாற்று நூல்களின் பக்கங்களை நிரப்புகின்றன. அவர் யாரிடம் கற்றார், எதனைக் கேட்டறிந்தார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆனால் திருமறை இவ்வினாவை மறைத்து வைக்கவில்லை. அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ சொல்வன்மையும் வேத அறிவும் மிக்கவர். எபேசுவில் அவருடைய பேச்சைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தம்முடன் அழைத்துச் சென்று, அவர் அறிந்திராதவற்றை விளக்கிக் கூறினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அவ்விருவரும் கூடாரம் செய்து பிழைத்த கைத்தொழிலாளர்; அவர்களுள் ஒருவர் பெண். கற்றுத்தேர்ந்த ஒருவர் தொழிலாளர் இல்லத்தில் மாணவராக அமர்ந்த அந்நிகழ்ச்சி, ஆதித் திருச்சபையின் உயிர்த்துடிப்பைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. இதற்கு மாறான நிகழ்ச்சிகளும் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. மக்களைப் பற்றிக் கற்பது ஒன்று. மக்களிடமிருந்து கற்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மூன்று காலகட்டங்களிற் கண்டு, பின்னர் இன்று நம் முன் நிற்கும் பொறுப்பினை எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மணலில் எழுதிய மாணவர்

பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள், தம் தோழர் புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு நிறைய ஒரு நாள் குறைவாக இருந்தது. மொழி தெரியாத நாட்டிற்குப் போதகராக வந்த அவர், முதலிற் செய்தது பிரசங்கமன்று. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளியை நடத்தும்படி வேண்டிக்கொண்டு, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். கற்ற ஐரோப்பியர் ஒருவர் சிறுவர் வரிசையில் அமர்ந்தது அவ்வூரார்க்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரும் அவருக்கு ஆசானாக அமைந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிப் பயின்ற நூறுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளின் விளக்கப் பட்டியல் ஒன்றை அவர் எழுதினார். அவ்வாண்டிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். மொழிபெயர்ப்பின் விரைவை நாம் வியக்கிறோம். அதற்கு முன் நிகழ்ந்த கேட்டலை மறந்துவிடுகிறோம். திண்ணைப் பள்ளி ஆசிரியரும், சுவடிகளைப் படித்துக் காட்டியோரும், பெயர் நிலைக்காத பலரும் அத்தமிழாக்கத்தின் பின்னால் நிற்கின்றனர்.

1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் அவருடைய உடன்பணியாளர் கிரண்ட்லரும் தமிழ் மக்கள் பலரிடம் எழுத்து மூலம் வினாக்களை விடுத்தனர். சமயம், ஒழுக்கம், மருத்துவம், குடும்ப வாழ்வு முதலியன பற்றிய அவ்வினாக்களுக்கு வந்த மறுமொழிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். ஏறத்தாழ நூறு மடல்கள் அங்கு அச்சாயின. தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்தவரின் நடத்தையை அம்மடல்கள் சில கடுமையாகச் சாடின. குடியும் தூய்மையின்மையும் மிகுந்த இவர்கள் எங்களுக்கு என்ன போதிக்க வந்தனர் என்னும் கருத்து அவற்றில் ஒலித்தது. அதனை மறைக்காமல் அனுப்பியதிலேயே சீகன்பால்க்கின் நேர்மை விளங்குகிறது. அவர் தம் விசுவாசத்தை விட்டுக்கொடுத்தவர் அல்லர்; விவாதித்தார், மறுத்தார். எனினும் மற்றவர் தம் சொந்தக் குரலிற் பேச இடமளித்தார்.

அவரை அனுப்பியோர் அந்த அளவிற்குக் கற்க விரும்பவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயின் தலைவர் பிராங்கே அச்சிட மறுத்தார். மிஷனெரிகள் புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டனரே அன்றி அதனை ஐரோப்பாவிற் பரப்புவதற்கு அல்ல என்பது அவருடைய கருத்து. அந்நூல் ஜெர்மானின் முயற்சியால் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. கற்றவர் ஒருவர், அவர் கற்றதை ஏற்க நிறுவனத்திற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

2. கேளாமல் எழுதிய நூல்

இராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியிற் பணி தொடங்கினார். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இன்றும் அறிஞர் மதிக்கும் நூல். பண்பட்ட இலக்கிய மொழிகளோடு, ஏட்டில் எழுதப்படாத மலைவாழ் மக்களின் பேச்சுகளையும் சமமாக வைத்து ஆராய்ந்தமை அந்நூலின் சிறப்பு. எளியோரின் பேச்சிலும் கற்கத்தக்கது உண்டு என்னும் நம்பிக்கையின்றி அத்தகைய நூலை எழுதியிருக்க முடியாது.

ஆயினும் அதே கால்டுவெல், 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தாம் பணியாற்றிய மக்களின் தோற்றம், சமயம், அறிவுத்திறன் ஆகியவற்றை அதில் தாழ்வாக மதிப்பிட்டார். இங்கிலாந்திலுள்ள ஆதரவாளர்க்குச் செய்தி அளிப்பது அவருடைய நோக்கமாக இருக்கலாம். ஆனால் எவரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் அதனைப் படிக்கும் நாள் வந்தது. மிஷன் பள்ளிகளே அவர்களுக்குப் படிக்கக் கற்பித்திருந்தன. சட்டம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் 1857இல் பிரகாசபுரத்தில் மிஷனெரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை கண்டார். அப்பிரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. கால்டுவெல்லின் நூல் விளைத்த புண்ணும் ஒரு காரணமாயிற்று. 1880களில் நாடார் சமூகத்தார் அந்நூலை எதிர்த்து வெளிப்படையாக முறையிட்டனர். முடிவில் அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

இதில் நமக்குள்ள படிப்பினை ஆழமானது. கால்டுவெல்லிடம் அன்பு இல்லை என்று கூற இயலாது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்தவர் அவர். உழைப்பிலும் கூர்மையிலும் குறைந்தவரும் அல்லர். குறைந்தது ஒன்றே: அந்நூலில் அம்மக்கள் பேசுபொருளாயினர், பேசுவோர் ஆகவில்லை. ஒரே மனிதரிடத்தில் கற்கும் ஆர்வமும் கேளாச் செவியும் ஒருங்கே இருக்கக் கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

3. கூடாரமும் கல்கத்தாப் பயணமும்

இனி வடக்கு நோக்கி வருவோம். இன்றைய சிவகாசி வட்டாரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட இப்பகுதி, 1985 முதல் தனி மாவட்டமாக விளங்குகிறது. கேம்பிரிட்ஜில் உயர்ந்த கல்வித் தகுதி பெற்ற தாமஸ் ராக்லாந்து, சென்னையிலிருந்த அலுவற் பொறுப்பை விட்டு 1854 முதல் இங்குக் கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சென்றார். ஃபென், மெடோஸ் என்போர் அவருடன் பணியாற்றினர். தென் திருநெல்வேலிச் சபைகள் அனுப்பிய தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து துணைநின்றனர். 1858 அக்டோபர் 22ஆம் நாள் ராக்லாந்து சிவகாசியில் உயிர்நீத்தார். அவருடைய பெயர் நூல்களில் நிலைத்தது. வழியும் வழக்கும் அறிந்து முன்சென்ற உபதேசியார்களின் பெயர்களோ நம் சபை வரலாறுகளில் அரிதாகவே காணப்படுகின்றன. யாரிடமிருந்து கற்றோம் என்று எழுதி வைக்காத சபை, தன் ஆசிரியரை மறந்த மாணவனை ஒக்கும்.

இதே சிவகாசியிலிருந்து 1922இல் மற்றொரு பயணம் புறப்பட்டது. அது நற்செய்திப் பணிக்கானது அன்று. மழை குறைந்த இக்கரிசல் நிலத்தில் வேளாண்மை மட்டும் பிழைப்புக்குப் போதாது என்று கண்ட அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர், தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்குக் கல்கத்தா சென்றனர். மொழி வேறு, உணவு வேறு, ஊர் வேறு. சில மாதங்கள் தங்கித் தொழில் நுணுக்கங்களைக் கற்று 1923இல் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினர். பொறிகளைக் கொண்டு தொடங்கிய தொழில், பின்னர் கைத்தொழிலாக மாறி ஊர்தோறும் பரவியது. மழைக்குறைவு உழவுக்குத் தடையாக இருந்தது. மருந்து உலர்வதற்கோ அதுவே துணையாயிற்று. தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண மத்தாப்பும், பட்டாசும், அச்சுத் தொழிலும் வளர்ந்தன. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் சென்று பணிந்து கற்ற இருவரின் செயல், ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தையே மாற்றியமைத்தது.

ஆனால் இவ்வளர்ச்சியின் மறுபக்கத்தையும் வரலாறு மறைக்க இயலாது. கற்றலில் தொடங்கிய தொழில், பல்லாயிரம் சிறாரின் கற்றலைப் பறித்தது. விடியுமுன் வந்து நின்ற ஆலை வண்டிகளில் ஏறிச் சென்ற சிறுவர் சிறுமியர், பலகை பிடிக்க வேண்டிய கைகளால் குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறாரை முன்னிட்டு எழுந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரையில் நம் பள்ளிகளின் வெற்றிடங்கள் எதனைக் கூறின என்பதை நாம் கேட்டோமா? வகுப்பிற்கு வராத பிள்ளையும் ஓர் ஆசிரியரே; ஏன் வரவில்லை என்று கேட்போர்க்கு மட்டுமே அப்பிள்ளை பாடம் சொல்கிறது.

4. ஆமத்தூர்ச் சாலையில் நம் கேள்வி

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியில் உள்ளது ஆமத்தூர். அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றில் யாரேனும் ஒருவர் 'தீப்பெட்டி ஆபீஸ்' அல்லது 'பட்டாசு ஆபீஸ்' செல்பவராக இருப்பார். இறையியற் கல்லூரியிற் பயின்று இவ்வட்டாரச் சபைக்கு வரும் இளம் ஆயர், கிரேக்கமும் திருச்சபை வரலாறும் அறிந்தவர். அவர் முன் அமர்ந்திருக்கும் பெண்ணோ, மருந்து அறையில் இரும்புக் கருவியை ஏன் புழங்கலாகாது, உராய்வு எங்கே பொறியாகும், வெயில் ஏறுமுன் எவ்வேலையை முடித்தல் வேண்டும், இடிமுழக்கம் கேட்டால் ஏன் வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும் என்பவற்றைக் கையால் அறிந்தவர். இவ்வறிவு வெறும் தொழில்நுட்பமன்று. நாள்தோறும் மரணத்தின் அண்டையில் அமர்ந்து, கூலி குறையாமலும் கை நடுங்காமலும் பணிசெய்யும் வாழ்க்கையின் ஞானம் அது. நம்பிக்கை, அச்சம், அயலானின் கவனத்தைச் சார்ந்திருத்தல் ஆகியவற்றைக் குறித்து அப்பெண் அறிந்திருப்பதை எந்நூலகமும் தராது.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். தீயைக் கண்டு ஓடிவந்த அண்டை ஊராரும் அவர்களுள் இருந்தனர். நல்ல சமாரியனைப் பற்றி நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். உதவ ஓடுவதே உயிருக்கு இறுதியாகக் கூடிய ஒரு வட்டாரத்தார் அவ்வுவமையை எவ்வாறு கேட்கின்றனர் என்று அவர்களிடம் வினவியதுண்டா? வினவினால் நம் பிரசங்கம் மாறக்கூடும். அம்மாற்றத்திற்கு இடங்கொடாத வினா, விசாரணைப் படிவத்தை நிரப்பும் வினாவே ஆகும்.

இங்குதான் பற்றிக் கற்பதும் இடமிருந்து கற்பதும் பிரிகின்றன. நம் மாணவர் களப்பணிக்குச் செல்கின்றனர். கூலி, கடன், நோய் ஆகியவற்றைக் கணக்கெடுத்து ஆய்வேடு எழுதுகின்றனர். இவை தேவையானவை. ஆனால் எழுதப்பட்டதை, அதிற் பேசப்பட்டோரிடம் மீண்டும் படித்துக் காட்டுகிறோமா? 1849ஆம் ஆண்டு நூலுக்கு நேர்ந்ததை நினைவிற் கொண்டால், அத்தேர்வுக்கு ஒவ்வோர் ஆய்வேட்டையும் உட்படுத்துவது தகும். அவர்கள் தலையசைத்துத் திருத்திய பின்னரே நம் ஏடு நிறைவுபெற்றது எனலாம்.

எல்லாரிடத்தும் கற்பது என்பது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதன்று. சீகன்பால்க் தம் மடலாசிரியர்களோடு மாறுபட்டார். ஆலைத் தொழிலாளியும் தம் அனுபவத்தில் தவறக்கூடும். இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லை என்னும் துணிவே சில விபத்துகளுக்கு வித்தாகிறது. கேட்பவர் பகுத்தறிவைக் கைவிட வேண்டியதில்லை. தம் மேடையைச் சற்றே கைவிட்டாற் போதும்.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் வினாவையும் குறிக்கும். செவியாற் பெறும் அறிவையும் குறிக்கும். திருவள்ளுவர் அப்பெயரால் ஓர் அதிகாரமே வகுத்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய இயேசுவை எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே லூக்கா நமக்குக் காட்டும்போதும், அவர் அங்குச் செய்துகொண்டிருந்தவை இவ்விரண்டுமே: செவிகொடுத்தல், வினவுதல். போதகரின் ஆண்டவர் அவ்வாறு தொடங்கினார் எனில், ஆமத்தூர்ச் சபைக்குச் செல்லும் ஆயர் முதலாண்டில் எத்தனை பிரசங்கம் செய்தார் என்பதோடு, யார் யாரிடம் என்ன கற்றார் என்பதையும் சபைப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். வருங்காலத்தில் திருச்சபை வரலாறு எழுதுவோர்க்கு அப்பக்கங்கள் மிகவும் பயன்படும்.