கோணான்குப்பம் சாமியாரும் கருணையன் கண்ணீரும்

விருத்தாசலம்னு சொன்னா வெளியூர் நண்பர்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு ரயில்வே ஜங்ஷன். இன்னொண்ணு பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே ஒரு அரசுப் பயிலகம், ஃபியூஸ் கேரியரிலிருந்து பொம்மை வரைக்கும் சூளையில் வேகிற ஊர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பழமலைநாதர் கோயிலைச் சொல்வார்கள். ஆனால் முகாசாபரூர் பக்கத்தில் கோணான்குப்பம்னு ஒரு சின்ன ஊர் இருப்பதும், தமிழின் பெரிய காப்பியம் ஒன்றை எழுதிய மனுஷன் அங்கே நடமாடியதும் எங்க ஊர்க்காரங்களிலேயே பல பேருக்குத் தெரியாது.

அவர் வீரமாமுனிவர். பிறந்தது 1680-ல், இத்தாலியின் காஸ்திக்லியோனே என்ற ஊரில். சொந்தப் பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் லிஸ்பனில் கப்பல் ஏறி கோவா வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தபோது முப்பது வயசு. நம்ம ஆட்கள் முப்பது வயசில் இந்தி கத்துக்கவே அலுத்துக்குவோம். இவர் சுமார் பதினஞ்சே வருஷத்தில், 1726-ல், தேம்பாவணியை முடித்துவிட்டார். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள்! அப்புறம் தொன்னூல் விளக்கம், சதுரகராதி, பரமார்த்த குரு கதை, திருக்குறளின் முதல் இரண்டு பாலுக்கு லத்தீன் மொழிபெயர்ப்பு. ஏ, ஓ எழுத்துகளை நாம் இன்று எழுதுகிற மாதிரி ஆக்கியதும் இவர்தான். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நான் சொல்ல வந்தது வேற.

முதலில் அந்தக் கோயில் கதை. மாதா சுரூபத்தோடு இந்தப் பக்கம் வந்த முனிவர் ஒரு மரத்தடியில் இளைப்பாறினாராம். மாடு மேய்க்கிற பையன்கள் விளையாட்டாக சுரூபத்தை எடுத்து ஒரு புதரில் ஒளித்துவிட்டார்களாம். தேடிப் பார்த்துக் கிடைக்காமல் அவர் போய்விட்டார். முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயருக்குக் குழந்தை இல்லை. அவர் கனவில் மாதா வந்து இடத்தைச் சொல்ல, சுரூபம் கிடைத்தது, சின்னதாக ஒரு கோயில் எழும்பியது, பிள்ளையும் பிறந்தது. திரும்பி வந்த முனிவர் தொலைந்த பொருள் கோயிலாக நிற்பதைப் பார்த்தார். இது செவிவழிக் கதைதான், கல்வெட்டு கேட்காதீங்க :-) மாதாவுக்கு அவர் வைத்த பெயர் பெரியநாயகி. பழமலைநாதர் கோயில் அம்மனுக்கும் அதே பெயர்தான். சுரூபம் சேலை கட்டித் தமிழ்ப் பெண்ணாக நிற்கிறது. ஊரார் நாக்குக்குப் பழகிய பெயரையே எடுத்துக்கொண்டார் பாருங்க, அங்கேதான் ஆள் கெட்டிக்காரர்.

"தொலைஞ்சதெல்லாம் ஒரு நாள் நன்மையா திரும்பும், எல்லாம் தேவ சித்தம்" என்று இந்தக் கதையை வைத்துச் சுலபமாகப் பிரசங்கம் பண்ணிவிடலாம். பண்ணுகிறார்கள். எனக்கு அதில்தான் ஒரு நெருடல்.

என் அம்மா இறந்தபோது வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருத்தர், "விசுவாசி அழக் கூடாது தம்பி, ஆண்டவர் ஒரு நோக்கத்தோடதான் எடுத்திருக்காரு" என்றார். நல்ல மனுஷன்தான். ரோமர் 8:28-ஐயும் சொன்னார். அந்த வசனத்தின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, இன்றைக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு அது வாயை அடைக்கிற துணி மாதிரி இருந்தது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

அதற்குப் பிறகுதான் தேம்பாவணியை ஒழுங்காகப் படித்தேன். முழுசாக இல்லை, உரையின் துணையோடு பகுதி பகுதியாக.

காப்பியத்தின் நாயகன் யோசேப்பு, அதாவது சூசையப்பர். வளன் என்று தமிழ்ப் பெயர் கொடுக்கிறார். சுவிசேஷத்தில் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மத்தேயுவில் கனவு வருகிறது, எழுந்து செய்கிறார். மறுபடி கனவு, ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டதாக எழுதியில்லை. பேசாத ஒருத்தரை நாயகனாக வைத்து 3615 பாட்டு! கடவுள் திட்டத்தை நம்பி நடக்கிற ஆள் என்றால் இவரைவிடப் பொருத்தமானவர் கிடையாதுதான். கதைக்கு ஆகிர்தா மரியா என்ற ஸ்பானியத் துறவியின் நூலையும் பயன்படுத்திக்கொண்டார். அதனால் சுவிசேஷத்தில் இல்லாத நிறைய சம்பவங்கள் காப்பியத்தில் உண்டு. வளனுக்கு நோய் வருவதைச் சொல்ல ஒரு படலமே இருக்கிறது. தேவகுமாரனை வளர்த்த தகப்பனுக்கே நோய் விலக்கு இல்லை.

அப்படி சுவிசேஷத்தில் இல்லாத இடங்களில் ஒன்றுதான் நான் சொல்ல வந்தது. கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் வைத்த பெயர். தாய் எலிசபெத்தோடு காட்டில் வாழ்கிறான், அங்கே அவள் இறந்துபோகிறாள். சின்னப் பையன், தன்னந்தனியாக. அவனே குழியில் பூப்படுக்கை விரிக்கிறான், தாயைக் கிடத்துகிறான், மேலே மலரால் மூடுகிறான். நிலத்தைப் பார்த்து, அன்போடு காத்துக்கொள் என்று கைகூப்பிக் கேட்கிறான். பழந்தமிழில் 'பூ' என்றால் மலரும்தான், பூமியும்தான். முனிவர் அந்த ரெண்டு அர்த்தத்தையும் அந்த இடத்தில் சேர்த்தே புழங்குகிறார். தினமும் மண்ணைக் குழைத்துப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு படிக்கும்போது எனக்கு அங்கே கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அப்புறம் அழுகிறான். அப்படி ஒரு அழுகை. இனி யாருமில்லை, காட்டில் வழி தெரியாது, பசித்தால் என்ன செய்வது என்று ஒரு குழந்தைக்கு வருகிற பயமெல்லாம் வருகிறது. பூக்களும் பறவைகளும் வண்டுகளும் கூடவே அழுவது போல சோலை முழுக்க ஒலி எழுகிறது. இந்தக் கருணையன் யார்? பின்னாளில் யோர்தான் ஆற்றில் நின்று கிறிஸ்துவுக்கே ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறவன். கடவுள் நோக்கத்தோடு பிறந்தவன் என்றால் அவன்தான், பிறக்கும் முன்னாலேயே தேவதூதன் வந்து சொல்லிவிட்டான். அப்படிப்பட்டவனிடம்கூட "அழாதே, எல்லாம் நன்மைக்கே" என்று வாயை அடைக்கவில்லை முனிவர். முழுசாக அழ விடுகிறார்.

தேம்பாவணி என்ற பெயரை 'வாடாத மாலை' என்றும் 'தேன் போன்ற பாக்களால் ஆன அணி' என்றும் பிரிப்பார்கள். தேம்புதல் என்றால் வாடுவது, விம்மி அழுவதும்தான். தேம்பாத மாலைக்குள்ளே ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுகிறான் என்பது என் சொந்த ரசனை, புலவர்கள் மன்னிக்க.

இன்னொன்று. வீரமாமுனிவரின் தாய் பெயராக நம் தமிழ் வாழ்க்கை வரலாறுகள் தருவது எலிசபெத். யோவானின் தாய் பெயர் பைபிளிலேயே இருப்பது, முனிவர் வைத்ததில்லை. அதனால் இதை வைத்துக் கதை கட்டக் கூடாது. ஆனாலும் இத்தாலியை விட்டுக் கிளம்பினவர் திரும்பிப் போகவே இல்லை. 1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார். அதே மதுரை மிஷனில் உழைத்த அருளானந்தர் 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது தெரிந்துதான் வந்தார். வந்த சில வருஷத்திலேயே குருக்கள்பட்டியில் கைதாகி, மரண தண்டனை வரைக்கும் போய்த் தப்பினார். எழுதுவதற்கு முன்னாலேயே நிறைய பார்த்துவிட்ட கை அது.

இந்தப் பாடல்கள் 2019-ல் வந்த புதிய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் என்று பிய்த்துப் போட்டுவிடுவார்கள், அது அவர்கள் தலையெழுத்து. வீட்டில் பத்தாம் வகுப்புப் புத்தகம் இருந்தால் ஒரு தடவை எடுத்து, உரக்கப் படித்துப் பாருங்கள். கோணான்குப்பத்தில் திருவிழா ஜனவரியில். விருத்தாசலம் வழியாக வந்தால் மங்கலம்பேட்டை போகிற பஸ்ஸில் ஏறி, எங்கே இறங்கணும்னு கண்டக்டரிடம் கேட்டால் சொல்வார்.