கண்ணாடி போடாத படம்

எங்கள் கடையில் வைரக் கத்தி என்று ஒன்று உண்டு. பெயர்தான் கத்தி. பென்சில் கனத்தில் ஒரு கைப்பிடி, நுனியில் கடுகில் பாதி அளவுக்கு வைரத் துணுக்கு. அப்பா அதைக் கண்ணாடிமேல் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பார். ‘கிர்ர்’ என்ற சத்தம் சீராக வந்தால் வெட்டு சரி. நடுவில் அறுந்தால் கண்ணாடி போச்சு. திருவல்லிக்கேணியில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. சாமி படம், கல்யாணப் போட்டோ, காலமானவர் போட்டோ, பட்டமளிப்புப் போட்டோ என்று எது வந்தாலும் பீடிங் அறுத்து, மூலை சேர்த்து, கண்ணாடி போட்டுத்தான் அனுப்புவோம். கண்ணாடி இல்லாத படம் சட்டை போடாத பிள்ளை மாதிரி என்பது அப்பாவின் கட்சி.

அந்தக் கட்சி 1979இல் தோற்றுப்போனது. அதைச் சொல்வதற்கு முன், நம் வீட்டுச் சுவர்களின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு வரும் படங்களிலேயே பழையவை தஞ்சாவூர்ப் படங்கள். மராட்டியர் ஆண்ட காலத்தில் தஞ்சையில் வளர்ந்த கலை. இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில் செழித்தது. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் குழைத்துப் பூசித் தேய்ப்பார்கள். பிறகு கிரீடம், மாலை, தூண், திருவாசி வரும் இடங்களில் மக்கு வைப்பார்கள். மக்கு என்பது மாவுபோல் அரைத்த சுண்ணாம்புக் குழம்பு. அதை அடுக்கடுக்காக ஏற்றினால் அந்த இடம் மேடாக எழும்பும். அதன்மேல் கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டினால் படம் முடிந்தது. பூஜை அறையில் ஒற்றைக் குத்துவிளக்கு எரியும்போது வெண்ணெய்க் கிருஷ்ணன் மூச்சு விடுவதுபோல் இருப்பதற்குக் காரணம் தங்கம் மட்டும் இல்லை, அந்த மேடும்தான். சுடர் ஆட ஆட மேட்டின் நிழலும் ஆடும்.

பிறகு அச்சு வந்தது. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் இறங்கி, பலாப்பலகை வாங்க வசதி இல்லாத வீடுகளுக்கும் வந்தார்கள். தெற்கே கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசியில் காலண்டராகி, மளிகைக்கடை விலாசத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகத் திரைச்சீலை எழுதியவர். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அவருடைய முருகனாலும் மீனாட்சியாலும்தான். காலண்டரின் தேதித்தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் பிரேம் போடக் கொண்டுவருவார்கள்.

ஒன்று கவனியுங்கள். அச்சு வந்ததும் சாமி எல்லார் வீட்டுக்கும் வந்தது, மேடு போய்விட்டது. சுவரில் தொங்கியதெல்லாம் வழவழ. அதன்மேல் கண்ணாடி, அதுவும் வழவழ. படம் என்றால் தட்டையானது என்று இரண்டு தலைமுறைக் கண் பழகிவிட்டது.

எங்கள் கடை இருக்கும் சென்னையிலேயே வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. கே.சி.எஸ். பணிக்கர் அங்கே முதல்வராக இருந்தபோது ஒரு சிக்கலைக் கண்டார். மாணவர்கள் நன்றாக வரைகிறார்கள். படித்து முடித்ததும் விளம்பரக் கம்பெனியிலோ துணி ஆலையிலோ வேலைக்குப் போகிறார்கள். ஓவியம் நின்றுவிடுகிறது. படம் விற்றுச் சோறு தின்ன முடியாது என்றால் வேறு எதை விற்பது? பாத்திக் விற்றார்கள். துணியில் உருக்கிய மெழுகு பூசிச் சாயத்தில் முக்கும் வேலை. அந்தக் காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். முப்பது நாற்பது பேர், சவுக்கு மரம், மணல், கீற்றுக் கொட்டகை. பகலில் பாதி நேரம் கைவினை, மீதி நேரம் ஓவியம், சிற்பம்.

அந்தப் பாத்திக் துணிகள் எங்கள் கடைக்கும் வந்திருக்கின்றன. மெழுகு காய்ந்து விரிசல் விடும். விரிசலுக்குள் சாயம் கசிந்து, வெயிலில் வெடித்த ஏரித்தரை மாதிரி கோடு கோடாக ஓடும். ‘இது டிசைன் இல்லப்பா, தானா வந்தது’ என்பேன். ‘தானா வர்றதுதான்டா அழகு’ என்பார் அப்பா. உருவமில்லாத ஓவியத்தைக் குறிக்கும் அரூபம் என்ற சொல் எங்களுக்குத் தெரியாத காலத்தில், எங்கள் கடையில் முதலில் பிரேம் ஏறிய அரூபம் அந்த விரிசல்தான்.

இனி 1979. வாடிக்கையாக வரும் வங்கி அதிகாரி ஒருவர் கான்வாஸ் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்றடிக்கு இரண்டடி. கண்காட்சியில் ஓர் இளம் ஓவியரிடம் வாங்கியது, வரைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உருவம் எதுவும் இல்லை. செங்காவியும் கறுப்பும் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளும். எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் அப்பி இழுத்திருந்தது. சில இடத்தில் அரை விரல் கனம்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் மாடர்ன் ஆர்ட் என்றாலே ஒரு ஜோக். படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்பது. அப்பாவும் விடவில்லை. ‘சார், இதுல எந்தப் பக்கம் மேலே?’

‘பின்னாடி அம்புக்குறி போட்டிருக்கு, பாருங்க’ என்றார் அவர், சிரிக்காமல்.

அப்பா வழக்கம்போல் கண்ணாடி போட்டு, பின்னால் பிளைவுட் அடித்து, இறுக்கிக் கொடுத்தார். மழைக்காலம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு உட்புறம் ஓரமெல்லாம் பூஞ்சணம். எண்ணெய் வண்ணம் கனமாக இருந்தால் மேலே தோல் கட்டிவிடும். உள்ளே காய மாதக்கணக்காகும், சில சமயம் வருடக்கணக்கு. இது எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்தபோது நடு மேட்டின் நுனி அதோடு பிய்ந்து வந்தது. ஒரு ரூபாய் நாணய அகலம். அதைச் சுற்றியிருந்த முகடுகள் மிதிபட்ட களிமண் மாதிரி நசுங்கிக் கிடந்தன.

அவர் கத்தவில்லை. படத்தைத் தூக்கிக் கடை வாசலுக்குப் போனார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தார். ‘இப்படி ஓரமா நின்னு பாருங்க’ என்றார். பார்த்தோம். ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு நிழல். கத்தி எங்கே அழுந்தியது, எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கித் தூக்கியது என்று எல்லாம் தெரிந்தது. உழுத வயலை வரப்பில் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. அவர் படத்தை அரைச்சுற்று திருப்பினார். நிழலெல்லாம் இடம் மாறி, வேறு படமாகிவிட்டது.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, ‘டேய், இது மக்கு வேலைடா’ என்றார்.

அவர் குரலில் இருந்த வெட்கம் எனக்குப் புரிந்தது. தஞ்சாவூர்ப் படத்துக்குப் பிரேம் போடும்போது அவர் மறக்காமல் உள்ளே ஒரு மெல்லிய மரச்சட்டம் வைப்பார், மேடு கண்ணாடியில் படாமல் இருக்க. அந்தப் புத்தி இந்தக் கான்வாஸுக்கு வரவில்லை. கிருஷ்ணனுக்குக் கொடுத்த கால் அங்குல இடத்தை, கிருஷ்ணன் இல்லாத படத்துக்குக் கொடுக்கவில்லை. கை அறியாமல் செய்த பிழை அல்ல அது. கண் மதிக்காததால் வந்த பிழை.

படத்தின் விலை நானூறு ரூபாய். மாதம் நாற்பது வீதம் பத்து மாதத்தில் அப்பா கொடுத்துத் தீர்த்தார். படம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அப்பா மாறிவிட்டார். எண்பதுகளில் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடர் வந்தபோது, அதோடு வந்த கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களை வெட்டி எடுத்துவைப்பார். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் ஆதிமூலம். காந்தியை நூறு கோட்டோவியமாக வரைந்தவர். புத்தக அட்டைகளில் தமிழ் எழுத்துக்கு முரட்டு அழகு கொடுத்தவர். அந்தக் கறுப்பு வெள்ளைக் கைதான் பிறகு பெரிய கான்வாஸ்களில் உருவமே இல்லாமல் வண்ணத்தை மட்டும் குவித்தது. பத்திரிகையில் கோட்டைப் பார்த்துப் பழகிய தமிழர்கள் பலர், கண்காட்சியில் வண்ணத்துக்கு முன்னால் விழித்தார்கள். அப்பா விழிக்கவில்லை. நேராக நிற்காமல் ஓரமாகப் போய் நின்றார். கண்ணை ஓட்டினார். அவருக்கு அது போதும்.

கடை இப்போது என் கையில். பீடிங் பிளாஸ்டிக் ஆகிவிட்டது, வைரக் கத்திக்கு வேலை குறைவு. ஆனால் சொரசொரப்பான படங்கள் முன்னைவிட அதிகம் வருகின்றன. வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ‘சோபா கலருக்குப் பொருந்துமா?’ நான் வேறு கேள்வி கேட்பேன். ‘உங்க கூடத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருது?’

ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் படத்தின் முகத்தில் அறையும், மேடெல்லாம் தட்டையாகிவிடும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டுங்கள். நேர்வெயில் மட்டும் படக் கூடாது. இரவுக்கு மேலிருந்து சாய்வாக ஒரு விளக்கு போதும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், ஓதம் ஏறும். பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றோடும். அந்தக் காலத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம், அதனால் படங்களை உயரத்தில் முன்சாய்த்து மாட்டினார்கள். பின்னால் குருவி கூடு கட்டியது. இந்தப் படத்தை நின்றால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் மாட்டுங்கள். ஈரத்துணி படவே கூடாது. பள்ளத்துத் தூசியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

அந்தச் செங்காவிப் படம் இன்னும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. மேற்கு ஜன்னலை ஒட்டிய சுவர். மாலை நாலரைக்கு முகடுகள் எழும்பும், ஐந்தரைக்கு அடங்கும். நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் நிழல் விழாது. பிய்ந்த அந்தத் துணுக்கு ஒட்டிய கண்ணாடிச் சில்லு கடை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. புதுப் பையன்கள் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

நீங்கள் இப்படி ஒரு படம் வாங்கினால், பிரேம் கடைக்காரரிடம் நிறமும் விலையும் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கண்ணாடி வேண்டாம்.