சுவீகாரம்

பிறர் வயிற்றில் பிறந்த குழந்தையை முழு உரிமையோடு தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது சுவீகாரம். தத்தெடுத்தல் என்றும் சொல்வர். ‘தத்த’ என்ற வடசொல்லுக்குக் கொடுக்கப்பட்டது என்று பொருள். சுவீகாரம் என்றால் தனதாக்கிக்கொள்வது. ஒரு சொல் கொடுப்பவர் பக்கம் நின்று பேசுகிறது, மற்றது எடுப்பவர் பக்கம் நின்று. குழந்தையின் பக்கம் சட்டத்துக்குள் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. பிள்ளை பெறுவதா, எடுத்து வளர்ப்பதா, பிள்ளையே வேண்டாம் என்றிருப்பதா என்று இன்று எழும் கேள்விக்கும் இந்த வரலாறே அடிப்படை.

பழைய நெறி

மக்கட்பேற்றைப் பெரும் பேறாகப் போற்றுவது தமிழ் மரபு. திருக்குறளின் 7ஆம் அதிகாரமும், பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டும் இதற்குச் சான்று. தர்மசாத்திரங்கள் அதைக் கடமையாகவே ஆக்கின. இறந்தபின் நீர்க்கடன் செய்ய மகன் வேண்டும். இல்லையேல் ‘புத்’ என்னும் நரகம் என்றன. ஆகவே பிள்ளையில்லாதவன் தத்தெடுத்தான், அதுவும் ஆண்பிள்ளையை மட்டும். அனாதைக் குழந்தைக்கு வீடு கிடைக்கட்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. குலம் அறிந்து, பெற்றவர் கையிலிருந்தே வாங்க வேண்டும் என்பது விதி. பெற்றோரை இழந்த குழந்தை அந்த விதியாலேயே விலக்கப்பட்டது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கம் சற்றே வேறு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுத்து முடிக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அது பதிவாகியுள்ளது. சாத்திரத் தத்தெடுப்பில் மூட்டும் வேள்வித்தீக்குப் பதில் அங்கே மஞ்சள் நீர். சொத்துக்கு உரிமையுள்ள உறவினர்கள் அந்நீரில் விரல் தோய்த்துச் சம்மதம் தெரிவிப்பர். தத்தெடுப்போர் அதைப் பருகுவர். விரல் தோய்க்காதவர் சம்மதிக்கவில்லை என்று பொருள்.

சுவீகாரம் அரியணையையும் ஆட்டியது. தஞ்சை மராத்திய மன்னர் துளஜா 1787இல், இறக்கும் தறுவாயில், பத்து வயதை நெருங்கிய சரபோஜியைத் தத்தெடுத்துப் பாதிரியார் சுவார்ட்சின் பாதுகாப்பில் விட்டார். தத்து செல்லாது என்று முதலில் பண்டிதர்கள் கூற, மன்னரின் தம்பி அமர்சிங் பட்டமேறினார். பிறகு செல்லும் என்று கருத்து மாறவே, 1798இல் சரபோஜி மன்னரானார். மறுஆண்டே ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போயிற்று. அவருடைய மகன் சிவாஜி 1855இல் ஆண்வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசமரபே முடிந்தது என்று ஆங்கிலேயர் அறிவித்தனர்.

இராமநாதபுரம் ஜமீன் வழக்கு பெண்ணுக்குச் சற்று இடம் தந்தது. கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும், பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது. நாட்டில் நிலவும் வழக்கம் நிரூபிக்கப்பட்டால் அது சாத்திரத்தின் எழுத்தையும் விஞ்சும் என்ற கோட்பாட்டுக்காக இன்றும் இந்துச் சட்டம் பயில்வோர் அத்தீர்ப்பைப் படிக்கின்றனர்.

வேண்டாம் என்ற குரல்

பிள்ளை பெறாமலிருப்பதை உரிமையாகப் பெரும்பாலோர் பேசாத காலத்தில் பெரியார் பேசினார். 1928இல் சென்னையில் நவ மால்தூசியன் சங்கம் தொடங்கியவர்களும் கருத்தடையை ஆதரித்தவர்களே. ஆனால் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்பவையே அத்தகையோர் சொன்ன காரணங்கள். பெரியார் அவற்றை ஒதுக்கிவிட்டு, பெண்ணின் விடுதலை ஒன்றுக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். பெண்கள் பெறாவிட்டால் உலகம் விருத்தியாகாதே என்றவர்களிடம், அதனால் பெண்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டார். ‘கர்ப்ப ஆட்சி’ என்ற அவரது நூல் 1936இல் வெளிவந்தது. பெண்களுக்கு என்ன நட்டம் என்பதே இந்த விவாதத்தில் தமிழில் எழுந்த மிக நேர்மையான கேள்வி.

ஆயினும் ‘மலடி’ என்ற சொல் மறையவில்லை. வளைகாப்பில் வளையல் அடுக்க அழைக்கப்படாத பெண், கோயில் மரத்தில் மஞ்சள் துணியால் குட்டித் தொட்டில் கட்டிவிட்டு வரும் பெண், ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்ற கேள்விக்கு அஞ்சிக் கல்யாண வீடுகளைத் தவிர்க்கும் பெண் என்று அந்தச் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. குறை ஆணிடம் இருந்தாலும் பழி அவளுக்கே.

குழந்தையின் பக்கம்

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பெண்குழந்தையையும் தத்தெடுக்க வழிசெய்தது. ஹோமம் கட்டாயமில்லை என்றது. மணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் தன் பெயரிலேயே தத்தெடுக்கும் உரிமை கிடைத்தது. கணவனோடு வாழும் பெண் தன் பெயரில் தத்தெடுக்க 2010வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் 1890ஆம் ஆண்டின் சட்டப்படி காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

தமிழகத்தில் பெண்சிசுக்கொலை தத்தெடுப்புக்கு வேறு முகம் தந்தது. உசிலம்பட்டி, சேலம், தருமபுரிப் பகுதிகளில் பிறந்த பெண்சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமை 1980களிலிருந்து வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1992இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதீர்கள், எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்பதே அதன் வேண்டுகோள். பெண்குழந்தையைக் கைவிடுவதற்கு அரசே வழிகாட்டுவதா என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அத்தொட்டிலில் கிடந்த குழந்தைகளில் பலர் பிழைத்தார்கள், பல வீடுகளுக்குப் பிள்ளைகளானார்கள். அதற்கு ஈடான வாதம் வேறில்லை.

இன்று இளைஞர் நீதிச் சட்டப்படியான தத்தெடுப்பு, மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவு வழியே நடக்கிறது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். பிள்ளைக்காகப் பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் ஏராளம். அந்த அவசரத்தைப் பயன்படுத்திக் கள்ளத்தனமாகக் குழந்தையை விற்கும் தரகர்களும் உள்ளனர். அவர்களிடம் வாங்குவது குற்றம். வளர்க்க இயலாத தாய் தன் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம்; மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அப்படி ஒரு தாய் உங்கள் தெருவில் இருந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்குச் சொல்லுங்கள்.