அந்தப்புர இரகசியங்களும் அறிவின் தராசும்

பெரியோர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய கதைகளில் மக்களுக்குள்ள பிரியம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. போர்களும் உடன்படிக்கைகளும் நிகழ்ந்த ஆண்டுகளை மறந்துவிடுவோர்கூட, இன்ன அரசன் இத்தனை மனைவியரை மணந்தான், இன்ன அரசி இன்னாரோடு கூடியிருந்தாள் என்பனவற்றை மறப்பதில்லை. இவை வீண் வம்பென்று தள்ளுவோர் ஒரு சாரார். இவையே சரித்திரமென்று சுவைப்போர் மற்றொரு சாரார். நாம் இவ்விரு சாராரோடும் முழுதும் உடன்படுவதற்கில்லை. தனி மனிதன் ஒருவனுடைய படுக்கையறை அவனுடைய சொந்தக் காரியம். ஆனால், ஒரு தேசத்தின் நன்மை தீமை யாவும் ஒருவனுடைய படுக்கையறையில் நிர்ணயிக்கப்படுமாயின், அது பிரஜைகள் அனைவருடைய காரியமும் ஆகிவிடுகிறது. ஆதலின் அக்கதவைத் திறந்து பார்ப்பது தகும். கையில் விளக்கோடு செல்லவேண்டும் என்பதே நமது கருத்து.

முதலில் பிரஞ்சு தேசத்தை நோக்குவோம். 1643 முதல் 1715 வரை ஆண்ட பதினான்காம் லூயிக்கு அந்தரங்கம் என்பதே இல்லை. வெர்சேல்ஸ் அரண்மனையில் அவர் கண்விழித்தெழுவதே ஒரு திருவிழா. ஏறக்குறைய நூறு ஆடவர் தத்தம் வரிசைப்படி உள்ளே விடப்படுவர். அரசருக்குச் சட்டையை எடுத்து நீட்டுவது அங்கு நிற்போருள் மிக உயர்ந்த குலத்தானுக்குரிய பெருமை. அவர் மலங்கழிக்கும் நாற்காலியில் அமர்ந்திருக்கையில் அருகில் நிற்பதற்கு உரிமைச் சீட்டுப் பெற்றிருந்தோரும் உண்டு! 1686-ஆம் ஆண்டில் அவருக்கு ஆசனவாயிலில் பவுத்திரம் கண்டது. பெலிக்ஸ் என்னும் ரண வைத்தியர், முதலில் ஏழை நோயாளிகள்மேல் கத்தியைப் பழகிப் பார்த்துவிட்டு, நவம்பர் 18-ஆம் நாள் அரசருக்குச் சிகிச்சை செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அரசர் பிழைத்தார். வைத்தியருக்குப் பொருளும் நிலமும் பட்டமும் கிடைத்தன. அதன்பின் நிகழ்ந்ததே வேடிக்கை. நோயே இல்லாத பிரபுக்கள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர், அரசருக்குச் செய்த அச்சிகிச்சையைத் தமக்கும் செய்யுமாறு வேண்டினர் என்றும், உமக்கு அது வேண்டுவதில்லை என்று சொன்னால் கோபித்தனர் என்றும் அக்காலத்து ரண வைத்தியர் தியோனிஸ் எழுதி வைத்துள்ளார். புண் வந்தது அரசருடைய உடம்புக்கு. பித்து வந்தது அரண்மனைக்கு. கத்தியைப் பழகுவதற்கு உடம்பைக் கொடுத்த ஏழைகளின் பெயர்களையோ எவரும் போற்றி வைக்கவில்லை.

இங்கிலாந்திலோ அரசரின் கைக்கே தெய்வ சக்தி உண்டென்று மக்கள் நம்பியிருந்தனர். கழுத்தில் நெறி கட்டிப் புண்ணாகும் கண்டமாலை நோயை அரசர் தொட்டால் தீரும் என்பது அந்நாட்டாரின் நம்பிக்கை. 1660-இல் அரசேறிய இரண்டாம் சார்லஸ் தம் ஆட்சிக்காலத்தில் 90,000 பேருக்கு மேல் தொட்டார் என்பது கணக்கு. தொடப்பட்டவர்க்கு ஒரு பொற்காசும் அளிக்கப்பட்டது. கூட்டம் மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இத்தெய்வக் கையுடையவர் ஆசைநாயகியரிடத்துப் பெற்ற பிள்ளைகளாக ஒப்புக்கொள்ளப்பட்டோர் ஒரு டஜனுக்குக் குறையார். பட்டத்தரசியிடம் பெற்ற வாரிசோ ஒன்றுமில்லை. 1712-இல் அரசி ஆன், சாமுவேல் ஜான்சன் என்னும் சிறு குழந்தையை இந்நோய்க்காகத் தொட்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை இயற்றிய அவருடைய முகத்திலும் கழுத்திலும் அத்தழும்புகள் ஆயுள் முழுவதும் நீங்கவில்லை. 1714-இல் வந்த முதலாம் ஜார்ஜ் இச்சடங்கைக் கைவிட்டார். அதனால் நோய் பெருகவுமில்லை, தேசம் அழியவுமில்லை.

நிற்க. இதே பெயரும் இதே காலமும் உடைய மற்றோர் அரசர் ஸ்பெயின் தேசத்து இரண்டாம் சார்லஸ். இவருடைய கதை நகைப்பதற்குரியதன்று. அவருடைய ஹாப்ஸ்பர்க் குலத்தார் தம் இராச்சியங்கள் வெளியார் கைக்குப் போகாதிருக்கும்பொருட்டுத் தமக்குள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வந்தனர். ஸ்பெயினை ஆண்ட அக்குலத்து அரசர்களின் 11 திருமணங்களில் 9 நெருங்கிய இரத்த உறவினுள் நிகழ்ந்தவை. இரண்டாம் பிலிப்பு தம் தமக்கையோ தங்கையோ என்று பாராது உடன்பிறந்தாள் மகளையே மணந்தார். நான்காம் பிலிப்பும் அவ்வாறே செய்தார். அதாவது, நம்மவர் நன்கறிந்த தாய்மாமன் மணமே அது. அந்த நான்காம் பிலிப்பின் மகனே 1661-இல் பிறந்த இச்சார்லஸ். அவருடைய கீழ்த்தாடை நீண்டு, பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையால், உணவை மெல்லவும் இயலவில்லை. பேச்சும் நடையும் மிகவும் தாமதித்தே வந்தன. இருமுறை மணந்தும் பிள்ளையில்லை. காரணம் யாதென்று அரண்மனைப் பாதிரிமார் ஆராய்ந்து, பில்லிசூனியமென்று முடிவு கட்டிப் பேயோட்டினர். 1700-இல் அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சிங்காசனத்துக்காக 1701 முதல் 1714 வரை ஐரோப்பா முழுதும் போர் மூண்டு, இலட்சக்கணக்கானோர் மடிந்தனர்.

சூனியம் எங்கே இருந்தது என்பதை 2009-இல் ஸ்பெயின் தேசத்து மரபணு ஆராய்ச்சியாளர் காட்டினர். அக்குலத்தார் 3,000 பேருக்கு மேற்பட்டோரின் வம்சாவளியை 16 தலைமுறை வரை அவர்கள் கணக்கிட்டனர். உடன்பிறந்தார் இருவர் கூடிப் பெற்ற பிள்ளையின் இரத்தக் கலப்பு எவ்வளவோ, அதற்குச் சற்று மேலாகவே இச்சார்லஸினிடம் இருந்தது. 1527 முதல் 1661 வரை அவ்வரச குடும்பங்களிற் பிறந்த 34 குழந்தைகளில் 10 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னும், மொத்தம் 17 குழந்தைகள் பத்தாண்டு நிறையுமுன்னும் இறந்தன. ஒரு தாய்மாமன் மணத்தால் குலம் அழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயின், சொத்தும் சாதியும் வெளியே போகக்கூடாதென்று தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துள் சுழல்வோர், பிறக்கும் பிள்ளைகளின் தலையிலே அதன் விலையை ஏற்றுகின்றனர். அரச குலத்துக்கும் அவ்விலையிற் சலுகை கிடைக்கவில்லை. தாய்மாமன் மகன், அத்தை மகள் என்று இன்றும் பேசும் இல்லங்களில் இக்கதை சொல்லப்படுதல் நன்று.

இதுகாறும் கூறியவை மெய். இனிப் பொய்களைப் பார்ப்போம். ரஷ்யாவை 1762 முதல் 1796 வரை ஆண்ட மகா காதரின் ஒரு குதிரையால் மாண்டார் என்று ஓர் அருவருப்பான கதை உலகெங்கும் உலவுகிறது. அது முழுப் பொய். 67 வயதில், தம் உடையறையை அடுத்த சிறு அறையில் மூளை இரத்தநாளம் வெடித்து விழுந்து, மறுநாள் படுக்கையில் இறந்தார். ஆண்ட பெண்ணைப் பழிக்க விரும்புவோர்க்கு அவளுடைய கற்பே முதற்குறி. ஆசைநாயகியர் கூட்டமுடைய ஆண் அரசர்களுக்கு இத்தகைய கதை கட்டுவோர் இல்லை. அவருக்குக் காதலர் பலர் இருந்தது உண்மையே. ஆனால், மெய்யான அவமானம் வேறு. அக்காதலர்க்கு அவர் நிலங்களைப் பரிசளித்தபோது, அந்நிலங்களில் உழைத்த பல்லாயிரம் பண்ணையடிமைகளும் ஆடுமாடுகளைப்போல் நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டனர். 1768-இல் அம்மை நோய்க்குத் தம் உடம்பிலேயே முதலிற் குத்திக்கொண்டு பிரஜைகளுக்கு வழிகாட்டிய அவருடைய துணிவையும் உலகம் மறந்தது. அடிமைகளின் கண்ணீரையும் மறந்தது. இல்லாத குதிரையை மட்டும் மறக்கவில்லை.

ரொட்டி இல்லையேல் பலகாரம் தின்னட்டுமே என்று பிரஞ்சு அரசி மரீ அந்துவானெத் சொன்னதாகக் கூறுவதும் இத்தகையதே. பெயர் குறியாத ஓர் அரசகுமாரி சொன்னதாக ரூசோ அதனை எழுதியபோது, மரீ அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமியாயிருந்தார். அவர் பிரான்சுக்கு வந்ததோ 1770-இல்.

இங்கு ரூசோவின் பெயர் வந்தமையால், நமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மனிதர் சமத்துவத்தை உலகுக்கு முழங்கியவரும், குழந்தைகளை வளர்க்கும் முறையை விளக்கி 1762-இல் 'எமீல்' என்னும் நூலை வெளியிட்டவரும் அவரே. அவர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும், ஒன்றன்பின் ஒன்றாக, பாரிஸ் நகரத்து அநாதை விடுதியில் விடச்செய்தார். அந்நாளில் அவ்விடுதிக் குழந்தைகளிற் பெரும்பாலானவை ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டன. தாயாகிய தெரேஸின் கண்ணீர் அவரைத் தடுக்கவில்லை. 1764-இல் வால்தேர் பெயரிடாத ஒரு துண்டுநூலில் இதனை அம்பலப்படுத்தினார். பின்னர் ரூசோவே தம் வரலாற்று நூலில் ஒப்புக்கொண்டார்.

அரசரைப் பற்றிய வசையை ஆராயாது நம்புவதும், நாம் போற்றும் அறிஞரைப் பற்றிய உண்மையை மூடி வைப்பதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்களாகும். ரூசோ தவறினார் என்பதால் மனிதர் சமம் என்னும் உண்மை பொய்யாகிவிடாது. அவ்வுண்மையைச் சொன்னார் என்பதால் அவருடைய ஐந்து குழந்தைகள் இல்லாதவர் ஆகிவிடவும் மாட்டார்கள்.

ஆதலின் நேயர்களே, பெரியார் எவரைப் பற்றியேனும் ஒரு கதை காதில் விழுந்தால், இதை முதலிற் சொன்னவர் யார், சொன்னதால் அவருக்கு ஆதாயம் என்ன என்று கேட்பீராக. மெய்யென்று தெளிந்தால், அச்செயலின் சுமையைச் சுமந்தவர் யாரென்றும் கேட்பீராக. ஏழை நோயாளியோ, பண்ணையடிமையோ, விடுதியில் விடப்பட்ட குழந்தையோ அங்கு நிற்பதைக் காண்பீர்கள். சரித்திரத்தை அவர்கள் பக்கமிருந்து படித்துப் பாருங்கள்.