பிரிஸ்பேனுக்கு வந்த மெஃபிஸ்டோ

1919 ஆகஸ்ட் 22. பிரிஸ்பேன் நகரின் சாலை போடும் நீராவி ரோலர்கள் இரண்டு, ஏறத்தாழ 30 டன் எடையுள்ள ஜெர்மன் டாங்கி ஒன்றைத் துறைமுகத்திலிருந்து இழுத்துக்கொண்டு புறப்பட்டன. போவன் ஹில்ஸ் அருகே இருந்த குயின்ஸ்லாந்து அருங்காட்சியகம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. போய்ச் சேர 11 மணி நேரம் ஆயிற்று. பொன்மலை ரயில்வே பட்டறையில், பாய்லர் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் நான். தானாக உருளாத பாரத்தை இழுப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்த 11 மணி நேரத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அந்த டாங்கியின் பெயர் மெஃபிஸ்டோ. முதல் உலகப் போரில் ஜெர்மனி செய்த ஏ7வி வகை. எண் 506. பெர்லின் மரியன்ஃபெல்டேயில் டைம்லர் ஆலை உருவாக்கியது. இந்த வகையில் செய்ததே 20தான். எதிரணியோ டாங்கிகளை ஆயிரக்கணக்கில் செய்து குவித்தது. அந்த இருபதில் இன்று உலகில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

ஹோல்ட் டிராக்டரின் சங்கிலிச் சக்கர அமைப்பை ஒட்டி அடிச்சட்டம். தலா 100 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள். முன்னால் 57 மில்லிமீட்டர் பீரங்கி, சுற்றிலும் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். உள்ளே 18 பேர். எஞ்சின்களுக்கும் அவர்களுக்கும் நடுவே சுவர் கிடையாது. அந்தச் சூட்டிலும் புகையிலும் நின்றுகொண்டு சண்டை போட வேண்டும். தோட்டா பட்டால் ரிவிட் தலை தெறித்து உள்ளே இருப்பவன் மேல் பாயும். ரிவிட் அடித்தவன் சொல்கிறேன், அந்தப் பெட்டிக்குள் போக ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

அடிவயிறு தரையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்வாக இருந்தது இதன் பெருங்குறை. சமதரையில் ஓடும், குண்டு விழுந்து குதறிய நிலத்தில் திணறும். 1918 ஏப்ரல் 24 அன்று பிரான்ஸின் வில்லேர்-பிரெட்டோன்னோ ஊரை ஜெர்மானியர் தாக்கினார்கள். டாங்கியோடு டாங்கி மோதிய உலகின் முதல் சண்டை அன்று பக்கத்துக் காஷி கிராமத்தருகே நடந்தது. மெஃபிஸ்டோவுக்கு அதில் பங்கில்லை. அது மான்யுமென்ட் காட்டருகே ஒரு குண்டுக் குழிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. வீரர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே நடந்த வெடிப்பு கூரைத் தகட்டைப் பிளந்தது.

மூன்று மாதம் அங்கேயே கிடந்தது. ஜூலையில் ஆஸ்திரேலியப் படை அந்த இடத்தைத் தாண்டி முன்னேறிய பிறகு, 22ஆம் தேதி இரவு 26ஆம் பட்டாளத்தார், பிரிட்டிஷ் டாங்கிப் படையின் வண்டிகளைக் கொண்டு அதை வெளியே இழுத்தார்கள். அந்தப் பட்டாளத்தில் குயின்ஸ்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். டாங்கி பிரிஸ்பேனுக்கு வந்த காரணம் அதுதான். தங்கள் ஆட்கள் கைப்பற்றியது தங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று நினைத்ததில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

கதேயின் நாடகத்தில் வரும் சாத்தானின் பெயர் மெஃபிஸ்டோ. அவனையே ஜெர்மானியர் முகப்பில் சிவப்பாக வரைந்திருந்தார்கள். பிரிட்டிஷ் டாங்கி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். கைமாறிய பிறகு பிரிட்டிஷ்காரர்கள் பக்கவாட்டில் தங்கள் பதிலை வரைந்தார்கள்: முடி சூடிய சிங்கம், அதன் பாதத்தின் கீழே ஒரு ஏ7வி. அங்கே இருந்த வீரர்கள் தங்கள் பெயர்களையும் எழுதிவைத்தார்கள்.

பிரிஸ்பேனில் நெடுங்காலம் அருங்காட்சியகத்தின் வெளியேதான் நின்றது. 1986இல் சவுத் பேங்கில் புதிய கட்டடத்துக்கு வந்தது. 2011 ஜனவரி வெள்ளம் அங்கேயும் புகுந்தது. தகடும் தகடும் சேரும் இடுக்கில் சேற்றுநீர் தங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே துரு தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். பாய்லரில் அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை வெளியேற்றி, காயவைத்து, இடுக்கு இடுக்காகச் சோதித்து முடிக்கப் பொறுமை வேண்டும். அந்த வேலைக்காக மெஃபிஸ்டோவை இப்ஸ்விச் ரயில்வே பட்டறை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். என் மகள் வீடு அந்த ஊரில். நீராவி எஞ்சின் கட்டிய பட்டறைக்குள், கிரேன்களுக்குக் கீழே அதை நான் பார்த்தது அப்போதுதான். பீரங்கியைக்கூடப் பிறகுதான் கவனித்தேன். என் கண் முதலில் போனது ரிவிட் வரிசைமேல்.

பார்க்க வந்த ஒருவர், உடைந்த கூரையை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார். புதுத் தகடு வெட்டிப் பொருத்துவது கஷ்டமே இல்லை. நானே செய்வேன். ஆனால் செய்யக் கூடாது. இங்கிலாந்தின் போவிங்டனில் டைகர் 131 என்ற டாங்கி இன்று ஓடுகிறது. அதற்குப் பொருத்தியது வேறொரு டாங்கியின் எஞ்சின். டைகர்கள் வேறு சிலவும் பிழைத்திருக்கின்றன, ஒன்றை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஏ7வி எப்படி இருந்தது என்று கேட்பவருக்குக் காட்ட இது ஒன்றைத் தவிர வேறு இல்லை. ஜெர்மனியின் முன்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வோட்டன் என்ற நகலைக் கட்டியவர்கள்கூட அளவெடுக்க மெஃபிஸ்டோவிடம்தான் வந்தார்கள். புத்தம் புதிதாகப் பார்க்க விரும்புகிறவருக்கு அந்த நகல் போதும். இதன் பிளந்த கூரை 1918இல் நடந்ததற்குச் சாட்சி. சாத்தானைக் காப்பாற்றச் சிங்கத்தையோ, சிங்கத்துக்காகச் சாத்தானையோ யாரும் சுரண்டி எடுத்துவிடக் கூடாது.

கான்பெராவில் இரண்டு ஆண்டுகள் இரவலாக இருந்துவிட்டுத் திரும்பி, 2018 நவம்பரிலிருந்து மீண்டும் சவுத் பேங்கில் நிற்கிறது. போகிறவர்கள் முகப்போடு நின்றுவிடாமல் சுற்றி வந்து கூரையையும் பாருங்கள்.