மத்தி மீனும் கைப்பேசியும்: வட கேரளக் கடற்கரையில் நடந்த ஓர் ஆய்வின் வரலாறு

வளரும் நாடுகளில் புதிய தொழில்நுட்பம் ஏழை எளியவரின் வருமானத்தை உயர்த்துமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் அறிஞர்கள் தவறாமல் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கேரளத்தின் வட பகுதியில் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மூன்று மாவட்டங்களின் கடற்கரையில் மத்தி பிடிக்கும் மீனவர்கள் கைப்பேசி வாங்கிய கதை அது. அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 2007ஆம் ஆண்டு 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வெளிவந்தது. அதன் பின் அது பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் தொலைபேசி நிறுவனங்களின் விளம்பரங்களிலும் புகுந்துவிட்டது. கைக்குக் கை மாறும்போது கதை சுருங்கிப்போவது இயல்பு. "மீனவன் கையில் கைப்பேசி வந்தது, வறுமை போனது" என்ற அளவுக்கு இது சுருங்கிவிட்டது. அந்த ஆய்வு உண்மையில் கண்டறிந்தது அதைவிட நுட்பமானது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் சொன்னவையும் அறியத்தக்கவை.

கைப்பேசி வருவதற்கு முன்

மத்தியைச் சாளை என்றும் அழைப்பர். கேரளத்தில் அது அன்றாட உணவு. விலை மலிவு, எண்ணெய்ச்சத்து மிகுதி. ஆனால் பிடித்த சில மணி நேரத்திலேயே கெட்டுப்போகத் தொடங்கும். அக்காலத்தில் கரைகளில் குளிர்பதன வசதி மிகக் குறைவு. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குச் சாலை வழியாக மீனைக் கொண்டு செல்வதும் எளிதன்று.

வள்ளங்கள் இரவில் கடலுக்குப் போய் விடியற்காலையில் திரும்பும். கடற்கரை ஏலம் காலை 5 மணியளவில் தொடங்கி 8 மணிக்குள் முடிந்துவிடும். கரைக்கும் கரைக்கும் இடையே சராசரியாக 15 கிலோமீட்டர் தூரம். ஆகவே ஒரு வள்ளம் ஒரு நாளில் ஒரு சந்தைக்குத்தான் போக முடியும். விலை சரியில்லை என்று தெரிந்து அடுத்த கரைக்கு ஓடினால், எரிபொருள் செலவாகும். போய்ச் சேரும்போது அங்கே ஏலமும் முடிந்திருக்கும். எனவே எல்லோரும் தத்தம் ஊர்க் கரைக்கே திரும்பினார்கள். மீன்பாடு நன்றாக இருந்த நாளில் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நன்றாகவே இருக்கும். அன்று கரையில் மீன் குவியும், விலை விழும். பக்கத்து ஊரில் மீனே இல்லாமல் வியாபாரிகள் காத்திருப்பார்கள்.

ஜென்சன் தரும் ஒரு நாள் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1997 சனவரி 14 (நம் ஊர்களில் அன்று பொங்கல்). வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் தங்கள் மீனை வீசி எறிய வேண்டியிருந்தது. அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பும் நிலையில் இருந்தார்கள். அங்கே கிலோவுக்குச் சுமார் 10 ரூபாய் கொடுக்க ஆள் இருந்தது. வடகரையில் அதே மீனின் விலை சுழியம். சராசரியாகப் பார்த்தால் அன்றாட மீன்பாட்டில் 5 முதல் 8 விழுக்காடு இப்படி வீணாயிற்று.

கைப்பேசி வந்த வரிசை

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். கேரளத்தில் முதல் அழைப்பு 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில். அதைச் செய்தவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. மறுமுனையில் பேசியவர் தென் கடற்படைத் தளபதி ஏ. ஆர். டண்டன். தகழியின் 'செம்மீன்' மீனவர் வாழ்வைச் சொல்லும் நாவல் என்பதும், அதைச் சுந்தர ராமசாமி தமிழில் மொழிபெயர்த்தார் என்பதும் நம் வாசகர்கள் அறிந்ததே. அந்த நாவலாசிரியர் தொடங்கி வைத்த கருவி, சில மாதங்களில் மீனவர்களின் வள்ளத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. இது எவரும் திட்டமிட்டது அன்று.

மீனவர்களை மனத்தில் கொண்டு கைப்பேசிக் கோபுரங்கள் நிறுவப்படவில்லை. கேரளத்தின் வட மாவட்டங்களில் பெரிய ஊர்களும் நெடுஞ்சாலையும் கடலோரத்திலேயே அமைந்திருப்பதால் கோபுரங்களும் கடலோரத்தில் எழுந்தன. அவற்றின் அலை கடலுக்குள் 20 முதல் 25 கிலோமீட்டர் வரை எட்டியது. மத்தி பிடிக்கும் வள்ளங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் தொழில் செய்தன.

சேவை மூன்று மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் வரவில்லை. கோழிக்கோட்டுக்கு 1997 சனவரி 29, கண்ணூருக்கு 1998 சூலை 6, காசர்கோட்டுக்கு 2000 மே 19. ஆய்வின் உயிர்நாடி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதை ஒரு வகுப்பறை உவமையால் விளக்குகிறேன். மூன்று பிரிவு மாணவர்களுக்கும் ஒரு புதிய பயிற்சி நூலை ஒரே நாளில் கொடுத்துவிட்டால், பிறகு மதிப்பெண் உயர்ந்தது நூலாலா, வினாத்தாள் எளிதாக இருந்ததாலா என்று சொல்ல முடியாது. 'அ' பிரிவுக்கு இந்தப் பருவம், 'ஆ' பிரிவுக்கு அடுத்த பருவம், 'இ' பிரிவுக்கு அதற்கும் அடுத்தது என்று கொடுத்தால், நூல் போன இடத்தில் மட்டும், அது போன நேரத்தில் மட்டும் மதிப்பெண் உயர்கிறதா என்று பார்க்கலாம். பொருளியலார் இதனை இயற்கைச் சோதனை என்பர்.

ஜென்சனின் கணக்கெடுப்பு 1996 செப்டம்பர் 3 அன்று, அதாவது கோழிக்கோட்டில் சேவை தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு முன்பே தொடங்கி, 2001 மே 29 வரை நடந்தது. மாவட்டத்துக்கு 5 வீதம் 15 கடற்கரைச் சந்தைகள், 300 மீன்பிடி வள்ளங்கள், வாரம் ஒரு முறை கேள்விகள். எவ்வளவு பிடித்தீர்கள், எங்கே விற்றீர்கள், என்ன விலைக்கு, எவ்வளவு செலவு? ஐந்தாண்டுக்கு அருகில் இதே கேள்விகளை விடாமல் கேட்டிருக்கிறார்கள். ஆய்வின் முடிவுகளைவிட இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அன்று கைப்பேசி மலிவான பொருளன்று. கருவி ஏறத்தாழ 5,000 ரூபாய். அழைத்தவருக்கு மட்டுமன்றி அழைப்பை ஏற்றவருக்கும் கட்டணம் உண்டு. இருந்தும் 2001 அளவில் வள்ளங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் கைப்பேசி இருந்தது. வியாபாரிகளில் பெரும்பாலோரும் வைத்திருந்தனர்.

என்ன மாறியது

கரை திரும்பும் வழியிலேயே மீனவர்கள் இரண்டு மூன்று கரைகளை அழைத்து விலை கேட்டார்கள். ஊருக்கு வெளியே விற்பது என்பதே முன்பு கிட்டத்தட்ட இல்லை. சேவை வந்த பின் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வள்ளங்கள் வேறு கரையில் விற்கத் தொடங்கின. ஒரே நாளில் கரைக்குக் கரை விலை எந்த அளவு வேறுபட்டது என்பதற்கு ஜென்சன் கண்ட அளவுகோல் 60 முதல் 70 விழுக்காடு வரை இருந்தது; பின்னர் 15 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறங்கியது. மீன் வீணாவது நின்றே போயிற்று. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது; மக்கள் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது.

விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம் என்றால் நட்டம் யாருக்கு என்று எண்ணத் தோன்றும். சந்தைப் பாடம் நடத்தும்போது மாணவர்களும் இதைத்தான் கேட்பார்கள்: "சார், ஒருத்தருக்கு லாபம்னா இன்னொருத்தருக்கு நட்டம்தானே?" இங்கே விடை எளிது. முன்பு கடலில் கொட்டப்பட்ட மீன் இப்போது ஒருவர் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது. கிலோவுக்குக் கிடைக்கும் சராசரி விலை சற்றே இறங்கினாலும், விற்கும் மீனின் அளவு கூடியதால் மீனவர் கையில் மிச்சம் கூடிற்று. ஒரு பொருளுக்கு, கொண்டு செல்லும் செலவு நீங்கலாக, எல்லா இடத்திலும் ஒரே விலை நிலவும் என்பது பொருளியலின் பழைய விதி. அந்த விதி செயல்பட வேண்டுமானால் எங்கே என்ன விலை என்பது விற்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வட கேரளக் கரையில் அந்தத் தகவல் வந்து சேர்ந்த நாளையே தேதியிட்டுக் காட்ட முடிந்தது.

அதே ஆண்டு 'தி எகனாமிஸ்ட்' வார இதழ் இதைப் பற்றி எழுதியது. கதை உலகெங்கும் பரவியது.

மற்ற நாடுகளிலும் மற்ற பயிர்களிலும்

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் தானியச் சந்தைகளை ஜென்னி ஏக்கர் ஆராய்ந்தார். 2001 முதல் 2006 வரை அங்கே கைப்பேசி பரவியபோது சந்தைகளுக்கிடையிலான தானிய விலை வேறுபாடு 10 முதல் 16 விழுக்காடு குறைந்ததாக 2010இல் எழுதினார். கேரளத்தில் கண்ட அளவுக்குப் பெரிய மாற்றம் அன்று; ஆனால் திசை ஒன்றே.

மகாராட்டிரத்தில் நடந்தது வேறு. அங்கே விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி வழியாகச் சந்தை விலையும் வானிலையும் அனுப்பும் கட்டணச் சேவை ஒன்று இருந்தது. மார்செல் ஃபாஃப்ஷாம், பார்ட் மின்டன் ஆகிய இருவரும் 100 கிராமங்களில் சோதனை நடத்தினார்கள். சேவை பெற்ற விவசாயிகளுக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க உயர்வு எதையும் அவர்கள் காணவில்லை. 2012இல் இம்முடிவு வெளியாயிற்று. மீனவர் கதையைப் போல இது புகழ்பெறவில்லை. பயன் இல்லை என்று சொல்லும் ஆய்வை மேடையில் யார் படிப்பார்கள்?

தகவல் இருந்தும் விலை உயராதது ஏன் என்பதற்கு விடை தேட, நாம் மீண்டும் கேரளக் கரைக்கே வர வேண்டும்.

கடனும் தரகும்

ஜானகி சீனிவாசன், ஜென்னா பர்ரெல் ஆகிய இருவரும் கேரளக் கடற்கரைக்குச் சென்று மீனவர்களோடும் ஏலம் விடுபவர்களோடும் பேசி, 2013இலும் 2015இலும் தங்கள் கட்டுரைகளை வெளியிட்டனர். பல கரைகளை அழைத்து விலை கேட்டு, கூடுதல் விலை உள்ள இடத்துக்கு வள்ளத்தைத் திருப்புவது எல்லா மீனவரும் செய்யக்கூடியதன்று என்று அவர்கள் காட்டினர். எந்த வலை, எவ்வளவு பெரிய வள்ளம், எந்த மீன், யாரிடம் கடன் என்பவற்றைப் பொறுத்தே அது அமைந்தது. மீனவர்கள் கைப்பேசியை வேறு பலவற்றுக்கும் பயன்படுத்தினர்: கூட்டாளிகளைத் திரட்ட, மீன் இருக்கும் இடத்தைச் சொல்ல, என்ஜின் பழுதானால் உதவிக்கு அழைக்க.

இவற்றுள் கடன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். வள்ளம், வலை, என்ஜின் ஆகியவற்றுக்குப் பெருந்தொகை தேவை. தலைமுறைகளாக அதைக் கொடுத்தவர் கரையில் ஏலம் விடும் தரகர். வங்கியைப் போல மாதத் தவணை கேட்க மாட்டார். மழைக்காலத்தில் அடுப்பெரியக் கைமாற்றும் தருவார். பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றுதான்: பிடித்த மீனை அவர் வழியாகவே விற்க வேண்டும். ஒவ்வொரு நாள் ஏலத்திலும் அவருக்கு ஒரு பங்கு கழியும். கடன் தீராமல் இருப்பதே தரகருக்கு ஆதாயம். இப்படிக் கட்டுப்பட்ட மீனவருக்கு 15 கிலோமீட்டர் தள்ளி நல்ல விலை இருப்பது கைப்பேசியில் தெரிந்தாலும் அந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்ப முடியாது.

இந்தச் சிக்கலை கைப்பேசிக்கு வெகுகாலம் முன்பே மீனவர்கள் அறிந்திருந்தார்கள். திருவனந்தபுரத்துக்கு அருகில் உள்ள மரியநாட்டில் 1960களின் இறுதியிலேயே தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். அதன் வழியில் பல ஊர்ச் சங்கங்கள் தோன்றின. அவை இணைந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. நமது கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும் இதன் சங்கங்கள் உண்டு. ஏலத்தைச் சங்கமே நடத்துவது, விற்பனையிலிருந்தே சிறு தொகையைச் சேமிப்பாகவும் கடன் தவணையாகவும் பிடிப்பது என்பதே அவற்றின் வழி. கைப்பேசி மீனவருக்கு விலையைச் சொன்னது. விரும்பிய இடத்தில் விற்கும் உரிமைக்காகப் பாடுபட்டவை இந்தச் சங்கங்கள். பொருளாதார ஆய்வுகளில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

படகுத் தச்சர்கள்

ஜென்சனே நோலன் மில்லருடன் சேர்ந்து இதே கரையைப் பற்றி இன்னோர் ஆய்வை 2018இல் வெளியிட்டார். இம்முறை பொருள் மீன் அன்று. வள்ளம் கட்டும் தச்சர்கள். முன்பு ஒவ்வொரு ஊர்க் கரைக்கும் ஒரு படகுத் தச்சர் இருப்பார். ஊரார் அவரிடமே வள்ளம் கட்டுவர்; அடுத்த ஊர்த் தச்சர் எப்படிக் கட்டுகிறார், அவர் கட்டிய வள்ளம் எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியாது. மீன் விற்க வெளிக் கரைகளுக்குப் போகத் தொடங்கியதும் அந்த ஊர் வள்ளங்களைப் பார்த்தார்கள், உடையவர்களிடம் பேசினார்கள். நீண்டநாள் உழைக்கும் வள்ளம் கட்டிய தச்சர்களுக்கு வேலை குவிந்தது. அவர்கள் பட்டறைகள் பெருகி, வேலையாட்களிடையே வேலைப் பிரிவினையும் வந்தது. அத்தரம் இல்லாத தச்சர்கள் தொழிலை விட்டார்கள். மீனவருக்குக் கொடுத்த பணத்துக்கு நல்ல வள்ளம் கிடைத்தது. மீன் சந்தையில் நட்டம் யாருக்கு என்ற மாணவரின் கேள்விக்கு, பதினோரு ஆண்டு கழித்து வந்த ஒரு விடையாக இதை நான் படித்தேன்.

மத்தியின் நிலை பின்னர் வேறானது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2012இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 3.9 இலட்சம் டன் மத்தி இறங்கியது. 2021இல் இறங்கியது 3,297 டன்.